கணபதி ஹோமத்துக்கு ஒரு ஷவர் கேப்

ஏணி மேல் நின்றுகொண்டு ஒருவன் கூரைக்கு ஷவர் கேப் மாட்டிக்கொண்டிருந்தான்.

காபி டம்ளரோடு வீட்டுக் கதவைத் திறந்த எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டல் குளியலறையில் தலை நனையாமலிருக்கக் கொடுப்பார்களே, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி, அதேதான். எங்கள் ஐந்தாவது மாடி நடைவழியின் கூரையில், புகை வந்தால் அலறுவதற்கென்று பதித்திருக்கும் வட்டக் கருவிக்கு அதைப் போட்டு, போதாததற்கு டேப்பும் சுற்றிக்கொண்டிருந்தான் பராமரிப்பு ஆள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூர்த்தி நின்றிருந்தார்.

“என்ன மூர்த்தி, அதுக்கு ஜலதோஷமா?”

“இல்லா மேடம். பக்கத்து மனேல கிருஹப்பிரவேசம். கணபதி ஹோமம் இருக்கு. ஸொல்ப புகை வந்தாலும் இது கூவ ஆரம்பிச்சிடும்.”

“கூவறதுக்குத்தானே வச்சிருக்கு?”

“பூஜைப் புகைக்குக் கூவக் கூடாதில்லா மேடம்?”

எது பூஜைப் புகை, எது புடவை எரிகிற புகை என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அந்தக் கருவிக்கு ஆசாரம் போதாது என்றேன். மூர்த்தி சிரித்தார். நான் என்ன சொன்னாலும் சிரித்துவிடுவது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

இந்த ஷவர் கேப் மூர்த்தியின் சொந்தச் சரக்கு இல்லை. வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககம் கட்டி முடிந்த புதிதில், யாரோ ஒருவர் வீட்டு ஹோமத்தில் பாதி மந்திரத்தில் அலாரம் அலறியதாம். சாஸ்திரிகள் நெய்க் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாராம். அபசகுனம் என்று வீட்டுப் பெண்கள் அழுதார்களாம். அன்றிலிருந்து இதுதான் சம்பிரதாயம். ஹோமம் என்றால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதற்கென்றே மேஜை இழுப்பறையில் ஒரு பை நிறைய ஷவர் கேப் வைத்திருக்கிறார்கள்.

மாட்டுவதற்கு ஆள் வருகிறான். கழற்றுவதற்கு மட்டும் யாரும் வருவதில்லை. மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் கிருஹப்பிரவேசத்துக்கு மாட்டிய கேப், அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்து, அதற்கு மொட்டை அடித்துக் காது குத்திய பிறகும் அப்படியே இருந்தது. பிறந்தநாள் பலூன் கட்ட வசதியாக இருக்கிறதாம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘உங்களுக்கு இந்த ஊரில் ஒருத்தரையாவது பிடிக்குமா?’ என்று கேட்டிருக்கிறார். பிடிக்கும். என் வீட்டுக்காரரைப் பிடிக்கும். இந்த வாரம் எழுதப் போவது அவரைப் பற்றித்தான்.

சாமிக்கு ஏற்றியது சுடாது

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் காப்பீட்டு அலுவலகத்தில் தீ விபத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எரிந்த வீட்டின் முன்னால் மறுநாள் காலையில் போய் நிற்பதுதான் அப்போது என் பிழைப்பு. நனைந்த கரியின் வாடை தலைமுடியில் ஏறிவிட்டால் எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாயங்காலம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

இத்தனை வருடத்தில் ‘என் தப்புதான்’ என்று சொன்ன ஒரு மனிதரை நான் சந்திக்கவில்லை. எல்லா வீட்டிலும் குற்றவாளி மின்கசிவுதான். மின்சாரம் வாய் திறந்து மறுக்காது பாருங்கள். கரண்ட் இணைப்பே இல்லாத ஒரு கொட்டகையிலும் மின்கசிவு என்றே சொன்னார்கள்.

ஒரு வீட்டில் வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி, ஜன்னல் திரைக்கு அடியில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போயிருந்தார்கள். “சாமிக்கு ஏத்தினது எப்படிம்மா சுடும்?” என்று அந்த வீட்டு அம்மாள் என்னையே திருப்பிக் கேட்டாள். பாதி எரிந்த திரை அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வளர்ந்தது இதே ஊரின் பழைய பகுதியான ஆஸ்டின் டவுனில், வரிசை வீடுகளில். அங்கே இருந்தவர்கள் ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. சீமெண்ணெய் டின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்த மகான்கள் அங்கேயும் உண்டு. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா நைலான் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பாள். ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீடு எரிந்தால் வரிசையே எரியும். அதனால் யாரும் யாரையும் கண்டிக்கலாம்.

“ஏய் செல்வி, முந்தானைய இழுத்துச் சொருவுடி! எரிஞ்சி சாவப் போற!” என்று எங்கள் அம்மா தெருக்குழாயில் நின்றபடியே கத்துவாள்.

செல்வி அக்காவும் “சரிக்கா” என்று சொருகிக்கொள்வாள். சாவு என்ற வார்த்தையைக் கேட்டு யாரும் மயங்கி விழுந்ததில்லை.

செருப்புகளுக்கு ஒரு மாடிப்படி

மகன் இந்த ஃபிளாட்டை வாங்கி எங்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். பிறகு அவன் புனேவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் தேவராஜுக்குப் பக்கவாதம் வந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எந்த இரும்பும் அவர் சொன்னபடி கேட்கும். இப்போது இடது கால் மட்டும் கேட்பதில்லை, இடது கையும் அரைகுறையாகத்தான் கேட்கிறது. வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடப்பார். வெளியே போக வேண்டுமென்றால் லிஃப்ட்.

தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது. லிஃப்ட் கதவிலேயே அப்படி எழுதி ஒட்டியிருக்கிறது. அப்படியானால் இவர் மாடிப்படியில்தான் இறங்கியாக வேண்டும். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடது பக்கம் நான் தாங்க வேண்டும், ஒவ்வொரு படியாக. பிசியோதெரபிக்கு வரும் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். பழகிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் அவரை அழைத்துப் போய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்தேன்.

கைப்பிடியைக் காணோம். அதை ஒட்டி ஒரு செருப்பு அலமாரி நின்றது. அதன் தலையில் காய்ந்த துளசித் தொட்டி. அடுத்த படிகளில் பழைய பேப்பர் கட்டு, காற்றுப் போன குழந்தை சைக்கிள், உடைந்த துணிக்கொடி. நான்காவது மாடித் திருப்பத்தில் பஞ்சு பிதுங்கிய ஒரு சோபா. எட்டிப் பார்த்தவரை கீழேயும் அலமாரிகள்தான்.

“இன்னா சரோ, படியில எறங்கலாம்னு கூட்டினு வந்து செருப்புக் கடைல நிறுத்திட்ட?” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த மனிதர் ஆபத்தில் உயிரோடு இறங்குவதற்கு இருக்கிற ஒரே வழியில் ஊரார் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். செருப்பை வீட்டுக்குள் வைத்தால் லட்சுமி வரமாட்டாள். வாசலில் வைத்தால் நடைவழியின் அழகு கெட்டுவிடும் என்று சங்கம் தடை போட்டிருந்தது. ஆகவே யாரும் போகாத இடமான மாடிப்படிக்குள் தள்ளிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அலமாரி ஒன்றும் நகரவில்லை. மூர்த்தியிடம் நேரில் போனேன். “மாடோணா மேடம், மாடோணா” என்றார். செய்யலாம் என்று அர்த்தம். கர்நாடகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டால் வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்ப்பது நல்லது.

ஆனால் நெருப்பைப் பற்றி எங்கள் அடுக்ககத்துக்கு அக்கறையே இல்லை என்று யாரும் பழி சொல்லிவிட முடியாது. ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மாடியிலும் இருக்கிற தீயணைப்பு உருளைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கழுத்தில் சாமந்திச் சரம், பிடியில் மஞ்சள் கயிறு. கற்பூரம்கூடக் காட்டுவார்கள். அதை எப்படித் திறப்பது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

வருடத்துக்கு ஒரு தீத்தடுப்பு ஒத்திகையும் உண்டு. நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். எல்லோரும் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் புல்வெளியில் கூடுவார்கள். போண்டா சாப்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, லிஃப்டிலேயே மேலே போய்விடுவார்கள்.

தானாக அடங்க வேண்டிய நெருப்பு

ஷவர் கேப் மாட்டிய அன்றைக்கு வருகிறேன். பக்கத்து ஃபிளாட்டை வாங்கியவள் ப்ரியா. திருச்சிப் பெண், இங்கே ஏதோ ஐ.டி. கம்பெனியில் வேலை. நேரில் வந்து, “ஆண்ட்டி, கண்டிப்பா வரணும்” என்று அழைத்திருந்தாள். போனேன்.

கூடமெல்லாம் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே பார்த்தால் அங்கேயும் ஒரு கேப். சாமான்களை முன்னதாகவே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பிரிக்காத அட்டைப்பெட்டிகளைப் பின்பக்கம் துணி துவைக்கிற பால்கனியில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். சமையல்காரர்கள் போய்வர வசதியாக, எப்போதும் மூடியிருக்க வேண்டிய படிக்கட்டுக் கதவை ஆரஞ்சு நிற நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டித் திறந்து வைத்திருந்தார்கள்.

பூர்ணாஹுதி முடிந்தது. நெய்யில் ஊறிய கொப்பரையும் பட்டுத் துணியும் குண்டத்தில் கனன்றுகொண்டிருந்தன. குழந்தைகள் ஓடுகிற இடம் என்று இரண்டு பேர் அந்த இரும்புக் குண்டத்தை அப்படியே தூக்கிப் போய், பின்பக்கப் பால்கனியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ப்ரியா, கங்கு இன்னும் இருக்கும்மா. பெட்டிங்க பக்கத்துல வைக்காதே. தண்ணி ஊத்து. இல்லேன்னா மணலையாவது கொட்டு.”

சாஸ்திரிகள் முந்திக்கொண்டார். “ஹோம அக்னியத் தண்ணி விட்டு அணைக்கப்படாதும்மா. அது தானா சாந்தமாகணும்.”

“சாந்தமாகட்டும். கொஞ்சம் தள்ளி இருந்து ஆகட்டும். காத்து அடிக்குது, அட்டைப்பெட்டி பத்திக்கும். பத்திக்கிட்டா வீடே போயிடும்.”

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. ப்ரியாவின் மாமியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?”

ப்ரியா என் கையில் தாம்பூலப் பையைத் திணித்தாள். “ஆண்ட்டி, நீங்க கீழ போய் சாப்பிடுங்க. நாங்க பாத்துக்கறோம்.”

செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாடு இறங்காது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து என் ரசத்தைச் சூடாக்கினேன். சற்று நேரத்தில் ஐந்தாவது மாடி மொத்தமும் லிஃப்டில் இறங்கி, முன்பக்கப் புல்வெளியில் போட்டிருந்த பந்தலுக்குப் போய்விட்டது. கிருஹப்பிரவேசத்தன்று வாசலைப் பூட்டக் கூடாது என்று ப்ரியா வீட்டுக் கதவையும் விரியத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

“உன் வீடு எரியுது”

வீட்டுக்காரருக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது வாடை வந்தது. விறகு வாடை இல்லை, நெய் வாடை இல்லை. தெர்மோகோல் எரிகிற வாடை. இது என் மூக்குக்குப் பரிச்சயமான சங்கதி. கையைக்கூடக் கழுவாமல் போய்க் கதவைத் திறந்தேன்.

நடைவழியின் கூரையை ஒட்டிக் கரும்புகை தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. ப்ரியா வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, கட்டிவைத்த படிக்கட்டுக் கதவு வழியாக மாடிப்படிக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஷவர் கேப் போட்ட கருவி பரம சாதுவாக இருந்தது. அலாரம் இல்லை, மணி இல்லை. கீழேயிருந்து நாதஸ்வர ரெக்கார்டு மட்டும் கேட்டது.

அடுத்த நொடியே கதவைச் சாத்தினேன். தனி ஆளாக இருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பேன். இவரை வைத்துக்கொண்டு அந்தப் படியில் இறங்க முடியாது. என் வேலைக்காலத்தில் செத்தவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். நெருப்புத் தொடாமலே போனவர்கள்தான் அதிகம். புகை நிறைந்த படிக்கட்டில் எதிலோ கால் தடுக்கி உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எங்கள் படியில் தடுக்குவதற்கா பஞ்சம்?

குளியல் துண்டையும் அவருடைய லுங்கியையும் நனைத்துக் கதவின் அடியில் திணித்தேன். பக்கத்து இடுக்கிலும் ஈரத்துணியை அடைத்தேன்.

“சரோ, நீ போயிடு. நீ ஒரு ஆளா எறங்கிடுவ. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்” என்றார் அவர். கிண்டல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அபூர்வம்.

“வாய மூடிக்கினு பால்கனிக்கு நடங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படித்தான் அதட்டுகிறேன். அன்றைக்கு அதட்டியது அழுகையை அடக்கத்தான். அவரை விட்டுவிட்டு அந்தக் கதவைத் தாண்டிப் போவதாக நினைத்துப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

முன்பக்கப் பால்கனிக்கு வந்து கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன். மரியாதையாக விலாசம் கேட்டுக்கொண்டு உடனே கிளம்புவதாகச் சொன்னார்கள். கிளம்புவார்கள்தான். வைட்ஃபீல்டு போக்குவரத்து அவர்களை விட வேண்டுமே. அடுத்து ப்ரியாவைக் கூப்பிட்டேன்.

“ஆண்ட்டி! சாப்பிட வரலையா? பாயசம் ஆறுது!”

“ப்ரியா, உன் வீடு எரியுது.”

“ஆண்ட்டி, எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்னாலும் இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் இப்படிப் பேசாதீங்க, ப்ளீஸ்.” வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மூர்த்தியைக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. இலையில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது, வாயில் ஏதோ இருந்தது. “இவத்து ஒந்தின பிட்பிடி மேடம்” என்றார். இன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். செருப்பு அலமாரி பஞ்சாயத்து என்று நினைத்திருப்பார்.

புகை கட்டடத்தின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது. புல்வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நான் கத்தினேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்? கீழே பந்தலுக்குள் பரிமாறுகிறவர்கள் போவதும் வருவதும் தெரிந்தது. எரிகிற வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை, அவ்வளவு பயமும் வந்ததில்லை. எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் படபடவென்று ஏதோ வெடிக்கிற சத்தம் கேட்டது.

“அந்த எவர்சில்வர் தாம்பாளத்த எடு” என்றார் வீட்டுக்காரர்.

பால்கனியில் வடகம் காயவைத்திருந்த தாம்பாளம். வடகத்தைக் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். ஃபிட்டர் கை. நல்ல கையால் அதைப் பால்கனிக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் நாதஸ்வரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பந்தலிலிருந்து தலைகள் வெளியே நீண்டன. அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். இரண்டு மூன்று பேர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

வாசலில் இருந்த காவலாளி மஞ்சு மட்டும் சத்தம் கேட்டுக் கட்டடத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தான். “பெங்கி! பெங்கி!” என்று அவன் அலறிய பிறகுதான் பந்தல் கலைந்தது. நெருப்பு என்று கன்னடத்தில் சொன்னதும் நம்பிவிட்டார்கள்.

மஞ்சுவும் சமையல்காரர்களும் தண்ணீர் வாளியோடு படியில் ஏறினார்கள். வழியில் நின்ற அலமாரிகளை அவர்கள் உதைத்துக் கீழே உருட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் என் காதுக்கு எந்த மங்கள வாத்தியத்தையும்விட இனிமையாக இருந்தது. தீயணைப்பு உருளையின் பிடியில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை மஞ்சு பல்லால் கடித்து அறுத்தானாம். சமையல்காரர்கள் நனைந்த சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினார்கள். ஹோம அக்னி அவர்கள் கையில் சாந்தமாயிற்று.

பெட்டிகளும் வாஷிங்மெஷினும் சமையலறைக் கதவும் எரிந்துபோயின. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வந்து சேர்ந்த தீயணைப்பு அதிகாரி நடைவழியில் நின்று அண்ணாந்து பார்த்து, “இது என்ன, குளிக்கப் போகுதா?” என்று மூர்த்தியைக் கேட்டார். மூர்த்தி அன்று சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரரை நாற்காலியில் வைத்துச் சமையல்காரர்கள் கீழே தூக்கி வந்தார்கள். பந்தலில் எச்சில் இலைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். தாம்பாளத்தை அடித்த கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நான் ஓவென்று அழுதேன்.

கரிநாக்கு

மறுநாள் யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். வார்த்தை வந்தது. வேலைக்கு வருகிற பெண் கொண்டுவந்தாள்.

“நீங்க காலையிலயே நின்னு பத்திக்கும், வீடே போயிடும்னு சொன்னீங்களாமே? அப்புறம் போன்லயும் எரியுதுன்னு சொன்னீங்களாம். அந்த மாமியார் பாட்டிம்மா எல்லார் கிட்டயும் சொல்லிக்கினு இருக்காங்க, உங்களுக்குக் கரிநாக்காம்.”

அதாவது கங்கு குற்றமற்றது, அட்டைப்பெட்டி குற்றமற்றது, காற்றும் ஷவர் கேப்பும் நிரபராதிகள். வீட்டை எரித்தது என் நாக்கு. மின்கசிவைக்கூட இவர்கள் தொந்தரவு செய்யவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வலித்தது. லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றது. ஆறாவது மாடிக் கர்ப்பிணிப் பெண் என்னைப் பார்த்து வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அவள் நன்றாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினேன்.

“உன் வாய்க்கு இவ்ளோ நாளா நான் ஒருத்தன்தான் பயந்துனு இருந்தேன். இப்ப மொத்த பில்டிங்கும் பயப்படுது. நல்லதுதானே?” என்றார்.

நல்லதுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நாளாயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். எங்கள் அடுக்ககத்துக்காரர்கள் பூனையைவிடத் தேறினவர்கள். உடைந்த அலமாரிகளை அள்ளிக் கொட்டிய ஈரம் காய்வதற்குள் புது அலமாரிகள் மாடிப்படியில் முளைத்துவிட்டன. மூன்றாவது மாடியில் ஒன்று கண்ணாடிக் கதவெல்லாம் வைத்து வந்திறங்கியது. அதன் சொந்தக்காரி துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். பலூன் கட்ட ஷவர் கேப் வைத்திருந்தவளேதான்.

“இது இப்படியே இங்க இருந்துச்சுன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“ஐயோ ஆண்ட்டி, சொல்லாதீங்க!” துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். “எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன். நீங்க வாயால ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

வெயில் தாழ்வதற்குள் அலமாரி வீட்டுக்குள் போய்விட்டது. லட்சுமி என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அவள் வீட்டுக் கூரையில் ஷவர் கேப்பும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வாட்ஸ்அப் தேவைப்படவில்லை. காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஒரு நடை போவேன். சோபாவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போட்டிருக்கும் ஸ்கூட்டர் முன்னால் நின்று நெற்றியைச் சுருக்குவேன். யாராவது பதறிக்கொண்டு வருவார்கள். இத்தனை வருட அனுபவத்தை, சட்டத்தை, எரிந்த வீடுகளின் கதையை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஒருவர்கூடக் காது கொடுக்கவில்லை. கரிநாக்கு என்றதும் ஓடி ஓடிச் செய்கிறார்கள். இவர்களை நினைத்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

படி காலியானதும் நாங்கள் பழக ஆரம்பித்தோம். முதலில் நான்காவது மாடித் திருப்பம்வரை. பிறகு மூன்றாவது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் தரைத்தளம்வரை இறங்கினார். கைப்பிடியை விடவே இல்லை. இரண்டாவது மாடியில் பல்பு எரியவில்லை, இருட்டில் இடது காலால் படியைத் தேடித் தேடி வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. கடைசிப் படியில் கால் வைத்தபோது அவர் சட்டை முழுக்க வியர்வை.

கீழே மூர்த்தி நின்றுகொண்டிருந்தார். “ஏன் மேடம் படியில? லிஃப்ட் சரியாத்தானே இருக்கு?”

“இருக்கு. சும்மா பழகிக்கறோம்.”

அவர் முகம் மாறியது. “எதுக்கு மேடம் பழகணும்? மறுபடியும் ஏதாவது...” பாதியில் நிறுத்திக்கொண்டு கையைக் கூப்பினார். “பேடா மேடம். ஏனூ ஹேளபேடி.” ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்த இருட்டை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் எல்லா மாடியிலும் பல்பு எரிந்தது.